கண்ணியக் குழுவில் பல்லவன்

அண்ணி ஒரு கேள்வி கேட்டார். அதற்கு ஒருவன் அவரைக் கழுதை என்றான். பல்லவன் அந்தப் பாழாய்ப்போன புகார்ப் பொத்தானை அழுத்தியது அதனால்தான். அழுத்தாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் நிம்மதியாகப் பல் செய்துகொண்டிருப்பார்.

பல்லவனுக்கும் அரச வம்சத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒரு பல் மருத்துவமனையின் பின்கட்டில், ஜன்னலில்லாத அறையில், பொக்கை வாய்களுக்குப் பல்செட் செய்கிறவர் அவர். இணையத்தில் 'வரலாற்றுப் பேரவை' என்ற கூட்டத்தில் சேரும்போது புனைபெயர் ஒன்று கேட்டார்கள். பல் வேலை செய்கிறவன், ஆகவே பல்லவன் என்று எழுதிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். பேரவையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. "இது பல்லவர்களில் எந்தக் கிளையின் சூழ்ச்சி?" என்று சேர்ந்த அன்றே ஒருவர் கேட்டார். "நான் பல்செட் செய்கிறவன் ஐயா" என்று பதில் எழுதினார். "ஆதாரம்?" என்று கேட்டார்கள்.

அவரை அங்கே இழுத்துக்கொண்டு போனது அண்ணிதான். அண்ணன் போன பிறகு அண்ணி பல்லவனோடும் அவர் மனைவியோடும்தான் இருக்கிறார். பகலில் மருந்துக் கடையில் வேலை; மற்ற நேரம் வாயே திறக்கமாட்டார். வரலாற்றுப் பேரவையைக் கண்டுபிடித்ததும் அது மாறிவிட்டது. பஸ்ஸில் போகும்போது கண்ணில் படுகிற பழைய கட்டடங்களைப் பற்றி 'ஜன்னலோரம்' என்ற பெயரில் கேட்பார். யாராவது நல்ல மனசோடு நீளமாகப் பதில் எழுதுவார்கள். சாப்பாட்டு மேஜையில் அண்ணி அதைப் படித்துக் காட்டுவார். பழைய தண்ணீர்த் தொட்டி, இடிந்த பாலம், மணி இல்லாத மணிக்கூண்டு என்று வீடே கலகலவென்று ஆகிவிட்டது.

அந்த வாரம் அண்ணி கேட்டது பழைய சுங்கச் சாவடியைப் பற்றி. அதன் ஜன்னல்கள் ஏன் இவ்வளவு சின்னதாக, இவ்வளவு உயரத்தில் இருக்கின்றன? உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்கு வண்டி வருவது எப்படித் தெரிந்திருக்கும்?

'ஈட்டிமுனை' என்பவர் பதில் எழுதினார்: "வண்டி வருவது தெரியாமல் இருக்க அவர்கள் என்ன உன்னைப்போலக் கழுதைகளா? சமையலறைக்குப் போய் அடுப்பு எரிகிறதா பார்."

அண்ணி யாரிடமும் சொல்லவில்லை. சாப்பிடும்போது போனை எடுக்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பல்லவனின் மனைவிதான் போனை வாங்கிப் பார்த்தார்.

"ஏங்க, யாருங்க இந்த ஈட்டிமுனை?"

"முகம்கூடத் தெரியாதும்மா."

"முகம் தெரியாதவன் நம்ம வீட்டு மனுஷியைக் கழுதைங்கறான். நீங்க மென்னுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க."

பல்லவன் மெல்லுவதை நிறுத்தினார். புகார்ப் பொத்தானை அழுத்தி, 'ஈட்டிமுனை என்பவர் என் அண்ணியைக் கழுதை என்று சொன்னார்' என்று எழுதினார். உடனே பதில் வந்தது.

"தங்கள் புகாரில் 'கழுதை' என்ற சொல் இடம்பெற்றுள்ளது. இது பேரவையின் கண்ணியத்துக்குப் புறம்பானது. தங்களுக்கு முதல் எச்சரிக்கை வழங்கப்படுகிறது."

நியாயம்தானே என்று தோன்றியது அவருக்கு. மாற்றி எழுதினார்: 'பொதி சுமக்கும் ஒரு விலங்கின் பெயரால் அழைத்தார்.' அதற்கும் பதில் வந்தது: "எந்த விலங்கு என்பதைத் தெளிவாகக் குறிப்பிடவும்."

மூன்றாவது தடவை, 'தலைவரோடு பேச வேண்டும்' என்று மட்டும் எழுதினார்.

தலைவர் மறுநாள் வேலை நேரத்தில் கூப்பிட்டார். அவர் ஓய்வுபெற்ற எடை அளவு ஆய்வாளர். வேலையில் இருந்த காலம் முழுக்கக் கடை கடையாகப் போய்த் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்த்தவர். பல்லவன் ஒரு கையில் ஈரமான பல் அச்சோடு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டார்.

"உங்க புகாரைப் படிச்சு நெகிழ்ந்துபோயிட்டேன், பல்லவன். ஆனா நான் தராசு பார்த்தவன். ஒரு தட்டுல திட்டினவர், இன்னொரு தட்டுல திட்டு வாங்கினவர். முள்ளு நடுவுல நிக்கணும். அதுதான் பேரவையோட உயிர்மூச்சு."

"திட்டினது ஒருத்தர்தானே சார்?"

"அதுதான் சிக்கலே! ஒருத்தர் மட்டும் திட்டினா முள்ளு எப்படி நடுவுல நிக்கும்? உங்க அண்ணி பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாங்கன்னா ரெண்டு பேரையும் கண்டிச்சு அன்னிக்கே முடிச்சிருப்போம். அவங்க பாட்டுக்குச் சும்மா இருந்துட்டாங்க. எங்க கையைக் கட்டிப்போட்டுட்டாங்க."

பல்லவனுக்கு அண்ணி சார்பில் மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூடத் தோன்றிவிட்டது. அதற்குள் தலைவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு செய்யலாம். புகாரையெல்லாம் விசாரிக்கிற கண்ணியக் குழுவுல ஒரு இடம் காலியா இருக்கு. நீங்க வந்துடுங்க. பாதிக்கப்பட்டவங்க வீட்டாளே குழுவுல இருந்தா, நாளைக்கு யாரும் ஒரு குறை சொல்ல முடியாது பாருங்க."

"ஏன் சார் காலியாச்சு?"

"இருந்தவர் மனசு ஒடிஞ்சுபோயிட்டார். குழுவுக்குள்ளேயே கொஞ்சம் வார்த்தை தடிச்சுப்போச்சு."

உள்ளே போனால் ஏதாவது செய்ய முடியும் என்று பல்லவன் நம்பினார். உள்ளே போகிற எல்லோரும் அப்படித்தான் நம்பியிருப்பார்கள். மனைவி மட்டும், "புகார் குடுக்கப் போனவருக்குப் பதவி குடுத்திருக்காங்களா? எனக்கென்னவோ சரியாப் படலை" என்றார்.  ஆனால் அண்ணி அன்றைக்குச் சாப்பிடும்போது போனை மேஜைமேல் வைத்தார். பல்லவனுக்கு அது போதுமாக இருந்தது.

குழு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காணொளியில் கூடியது. தலைவர் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டத்தில் ஒரு கல்லூரி நூலகர் அம்மா. பின்னால் சுவர் முழுக்கப் புத்தகம். மூன்றாவது கட்டத்தில் ஒரு வக்கீல் காரில் இருந்தார். அவர் எப்போதும் காரில்தான் இருப்பாராம். அவருடைய மோவாயும் சீட் பெல்ட்டும் மட்டும் தெரிந்தன.

"கழுதைங்கறது வசவான்னு முதல்ல பார்க்கணும்" என்று ஆரம்பித்தார் நூலகர். "நாம வரலாற்றுப் பேரவை. சொல்லை அதோட காலத்துல வச்சுத்தான் பார்க்கணும். கேள்வி எதைப் பத்தி? சுங்கச் சாவடி. சாவடிக்கு வந்த சரக்கைச் சுமந்தது எது?"

"கழுதை" என்றார் தலைவர், உற்சாகமாக.

"ஆக, ஈட்டிமுனை தலைப்பை விட்டு விலகலை. சொல்லப்போனா, கேள்வி கேட்டவங்க கழுதையைக் குறிப்பிடத் தவறினதைத்தான் அவர் சுட்டிக்காட்டியிருக்கார்."

"அவர் என் அண்ணியைச் சொன்னாருங்க" என்றார் பல்லவன்.

"உணர்ச்சிவசப்படாதீங்க. 'உன்னைப்போல'ன்னுதான் சொல்லியிருக்கார். அது உவமை. உவமையைத் தடை பண்ணினா நாளைக்கு மொழியே மிஞ்சாது."

"சமையலறைக்குப் போகச் சொன்னது?"

காரிலிருந்து வக்கீல் குரல் வந்தது. "அது வழிகாட்டுதல். ஒரு இடத்துக்குப் போங்கன்னு சொல்றது எந்தச் சட்டத்துலயும் குத்தமில்லை. டேய், லைட்டைப் போட்டுட்டுத் திரும்புடா! உங்களைச் சொல்லலை, பல்லவன்."

கடைசியில், அண்ணி தன் கேள்விக்கு மேற்கோள் நூல் எதுவும் தராததைக் குழு வருத்தத்தோடு பதிவு செய்தது. விலங்குப் பெயர்களை ஆராய ஒரு துணைக்குழுவும் அமைத்தது. துணைக்குழு என்றால் பல்லவன்தான். வேறு யாருக்கும் நேரம் இல்லை.

அதன்பிறகு பல்லவனின் நாட்கள் மிருகக்காட்சி சாலை ஆகிவிட்டன. சிங்கம், புலி என்றால் பாராட்டு, அனுமதி. நரி, சூழலைப் பொறுத்து. குரங்குக்கு ஆதிமனிதனைப் பற்றிய பதிவுகளில் மட்டும் விலக்கு. மாடு விஷயத்தில் ஒரு வாரம் சண்டை நடந்தது. உழைப்பாளியைச் சொல்கிறதா, மந்தபுத்திக்காரரைச் சொல்கிறதா என்பதில் நூலகருக்கும் வக்கீலுக்கும் ஒத்துப்போகவில்லை. மெழுகில் பல் நடும்போதும் பல்லவனுக்கு இதே நினைப்பு. நரியா, ஓநாயா என்று யோசித்தபடியே நட்டதில், ஒரு வங்கி மேலாளரின் பல்செட்டில் கோரைப் பல் இரண்டும் விரலளவு நீண்டுவிட்டன. மேலாளர் அதை மாட்டிக்கொண்டு சிரித்தார். வரிசையில் இருந்த ஒரு குழந்தை வீலென்று அலறியது.

"என்னய்யா செஞ்சு வச்சிருக்கே?" என்றார் டாக்டர்.

"மனசு சரியில்லை டாக்டர். கண்ணியக் குழுவுல இருக்கேன்."

"அந்தக் கண்ணியத்தைக் கொஞ்சம் வாய்க்குள்ளேயும் வையி. மனுஷன் கடன் கேட்க வர்றவங்ககிட்ட சிரிக்கவேண்டாமா?"

விலங்குப் பட்டியல் வெளியானது. கழுதைக்குத் தடை. பல்லவன் அண்ணியிடம் ஓடிப்போய்ச் சொன்னார். அண்ணியும், "ரொம்ப சிரமப்பட்டுட்டீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, தைரியமாக ஒரு பழைய படித்துறையைப் பற்றிக் கேட்டார். ஈட்டிமுனை பதில் எழுதினார்: "வந்துட்டியா கோவேறு கழுதை?"

பல்லவன் அவசரக் கூட்டம் கேட்டார். கூடினார்கள். கோவேறு கழுதை பட்டியலில் இல்லை என்றார் வக்கீல். பாதி குதிரை, குதிரை அனுமதிக்கப்பட்ட விலங்கு என்றார் நூலகர்.

பல்லவனுக்குப் பொறுக்கவில்லை. "அந்த ஆளை வெளியே அனுப்பிட்டா எல்லாம் முடிஞ்சுடுமே சார்! பட்டியல் எதுக்கு?"

குழு திடுக்கிட்டுப்போனது. வக்கீல்கூடக் காரை ஓரங்கட்டிவிட்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெளியே அனுப்பறதா? பல்லவன், ஈட்டிமுனை இல்லாம பேரவை ஏது? எழுதறவங்க எத்தனை பேர் இருக்காங்க நம்மகிட்டே? அவர் காலையில ஒருத்தரைத் திட்டினா, அதுக்குப் பதில் சொல்ல நாலு பேர் வர்றாங்க. அந்த நாலு பேரைச் சமாதானப்படுத்த இன்னும் பத்துப் பேர். எவ்வளவு உயிர்ப்பா இருக்கு! உங்க அண்ணி மாதிரி அமைதியானவங்க வருவாங்க, கேட்பாங்க, நன்றின்னு போட்டுட்டுப் போயிடுவாங்க. நன்றிக்கு மேல என்ன விவாதம் நடக்கும், சொல்லுங்க? ஒழுங்கா நடந்துக்கறவங்களால இந்தக் குழுவுக்கு ஒரு நாளாவது வேலை வந்திருக்கா?"

நூலகர் தலையசைத்தார். அது உண்மை என்று பல்லவனுக்கும் பட்டது.

வீட்டில் நடந்ததைச் சொன்னார். அண்ணி கேட்டுக்கொண்டே துணி மடித்தார். பிறகு, "அந்த மனுஷனை யாருமே நேராக் கேட்டதில்லை போல" என்றார். போனை எடுத்து ஈட்டிமுனைக்கு ஒரு வரி எழுதினார். கோபமாக எழுதவில்லை, மருந்துக் கடைக்கு வருகிறவர்களிடம் காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்பதுபோலத்தான் எழுதினார்.

"உங்கள் வீட்டில் யாரும் உங்களோடு பேசுவதில்லையா?"

ஈட்டிமுனை ஒரு புகார் கொடுத்தார். அதில் ஒரு கெட்ட வார்த்தை இல்லை. மதிப்புக்குரிய குழுவினருக்கு என்று தொடங்கி, பணிவன்புடன் என்று முடித்திருந்தார். தன் குடும்ப வாழ்க்கை பொதுவெளிக்கு இழுக்கப்பட்டதாகவும், அதனால் அன்று முழுக்க யாரையும் திட்டக்கூட மனம் வரவில்லை என்றும் எழுதியிருந்தார்.

அத்தனை வாரம் நகராத குழு அன்று சாயங்காலத்துக்குள் முடிவெடுத்தது.

"இது தெளிவான வழக்கு" என்றார் நூலகர், நிம்மதியாக. "விலங்கு இல்லை, உவமை இல்லை. நேரடித் தனிநபர் தாக்குதல். படிச்சவுடனே புரியுது."

"எப்பவாவது ஒருமுறைதான் இப்படிச் சுத்தமா அமையும்" என்றார் வக்கீல்.

ஜன்னலோரம் என்கிற அண்ணியை நீக்குவதென்று தீர்மானம் ஆயிற்று. நீக்கும் பொத்தானைப் பல்லவன்தான் அழுத்த வேண்டும் என்றார் தலைவர்.

"நானா? சார், அவங்க என் அண்ணி."

"அதனாலதான்! நீங்களே உங்க கையால செஞ்சா, நடுநிலைக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? வருங்காலத்துல பேரவையோட வரலாற்றை எழுதறவங்க உங்க பேரைச் சொல்லுவாங்க."

"நான் செய்யமாட்டேன். குழுவை விட்டே விலகறேன்."

"விலகலை குழு ஏத்துக்கணும். ஏத்துக்கறதுக்கு நாலு பேர் இருக்கணும். நீங்க விலகிட்டா மூணு பேர்தான். நீங்க இருந்தாத்தான் நீங்க விலக முடியும். இருக்கறவர் எப்படி விலகினவர் ஆவார்?" வக்கீல் இதைச் சொல்லிவிட்டு ஒலியை அணைத்துக்கொண்டார்.

பல்லவன் பொத்தானை அழுத்தவில்லை. அவரைப் பொறுத்தவரை அது ஒரு போராட்டம். ஆனால் அவர் அழுத்தாவிட்டால் நேரம் கடந்ததும் தானாகவே அழுந்திக்கொள்ளும்படி யாரோ முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தார்கள். அண்ணியின் போனில் வந்த வாசகம் இது: 'ஜன்னலோரம், நீங்கள் பல்லவன் அவர்களால் நீக்கப்பட்டீர்கள்.'

"நான் இல்லை அண்ணி. சத்தியமா நான் அழுத்தலை."

"தெரியும் தம்பி" என்றார் அண்ணி. அப்படிச் சொன்னாரே தவிர, அன்றைக்கு அவருக்குப் பசிக்கவில்லை. மனைவி பல்லவனைப் பார்த்த பார்வையில் ஒரு பல்செட்டே உருகியிருக்கும்.

இரண்டு மூன்று நாள் கழித்து அண்ணியே கேட்டார். "மேல்முறையீடுன்னு ஏதோ போட்டிருக்கே, அது யார்கிட்ட பண்ணணும்?"

"கண்ணியக் குழுகிட்ட அண்ணி."

"குழுவுல யாரு இருக்காங்க?"

"நான் இருக்கேன்."

அண்ணி சிரித்துவிட்டார். பல்லவனும் சிரித்தார். பிறகு இருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

மேல்முறையீட்டுக் கூட்டத்தில் ஐந்தாவதாக ஒரு கட்டம் இருந்தது. வெள்ளைச் சட்டை, வாரிய தலை, பின்னால் துடைத்து வைத்த வெறும் அலமாரி. ஐம்பது தாண்டிய, சாதுவான ஒரு மனிதர் கும்பிட்டார்.

"புது உறுப்பினர்" என்று அறிமுகப்படுத்தினார் தலைவர். "கண்ணியத்தால பாதிக்கப்பட்டவர். நம்ம ஈட்டிமுனை."

"வணக்கம் பல்லவன் சார்" என்றார் ஈட்டிமுனை. குரல் பஞ்சு மாதிரி இருந்தது. "நீங்க இந்தக் குழுவுக்காகப் பட்ட கஷ்டமெல்லாம் எனக்குத் தெரியும். உங்க விலங்குப் பட்டியல் எனக்கு ரொம்ப உபயோகமா இருந்தது."

பல்லவன் அத்தனை நாளாக மனசுக்குள் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றைக்கூட அந்த முகத்தைப் பார்த்து எடுக்க முடியவில்லை. "வணக்கம் சார்" என்றுதான் அவர் வாயில் வந்தது.

"அந்த அம்மா ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்தா நான் பெரிசா எடுத்துக்கமாட்டேன்" என்றார் ஈட்டிமுனை. அவருடைய பெருந்தன்மையைக் குழு கைதட்டிப் பாராட்டியது. ஒலியை அணைத்திருந்ததால் வக்கீலின் கைகள் மட்டும் ஊமையாகத் தட்டின. ஸ்டியரிங்கை யார் பிடித்திருந்தார்கள் என்று தெரியவில்லை.

பல்லவன் எழுந்து சமையலறைக்குப் போனார். "நீங்க எழுத வேண்டாம் அண்ணி. அவன் செஞ்சதுக்கு நீங்க ஏன் மன்னிப்புக் கேட்கணும்? நான் போய் நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

"கேட்டுட்டு?"

பல்லவன் அடுப்பைப் பார்த்தார்.

"எனக்கு வேற எங்கே தம்பி இருக்கு?" என்றார் அண்ணி. "கடையில யார்கிட்ட போய்ப் படித்துறையைப் பத்திக் கேட்பேன்? போனை இங்கே குடுங்க."

ஒரே வரிதான் எழுதினார்: "உங்கள் வீட்டில் எல்லோரும் உங்களோடு பேசுகிறார்கள் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்."

பல்லவன் அதைக் குழுவில் படித்தார்.   ஈட்டிமுனையின் கட்டம் இருண்டுபோனது. மன்னிப்பு திருப்திகரமாக உள்ளது என்று தலைவர் பதிவு செய்தார்.

அண்ணியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். நன்னடத்தை தெரியும்வரை அவர் படிக்கலாம், எழுத முடியாது. எழுதாதவருடைய நன்னடத்தை எப்படித் தெரியும் என்று பல்லவன் கேட்டார். நல்ல கேள்வி என்று தலைவர் அதற்கு ஒரு துணைக்குழு அமைத்தார்.

அண்ணி படித்துறைக் கேள்வியைப் பல்லவனிடம் கொடுத்தார். அவர் தன் பெயரில் பதிவு போட்டார். போட்ட கையோடு தலைவர் போன் செய்துவிட்டார்.

"என்ன பல்லவன் இப்படிப் பண்ணிட்டீங்க? கண்ணியக் குழுவுல இருக்கறவங்க வரலாறு பேசக்கூடாது. பேசினா ஒரு கருத்து வந்துடும். கருத்து வந்தா நடுநிலை போச்சு. நூலகர் அம்மாவைப் பாருங்க, படித்துறைகளைப் பத்தி அவங்களுக்குத் தெரியாததே கிடையாது. குழுவுக்கு வந்த நாள்லேருந்து ஒரு வார்த்தை எழுதினதில்லை. நானே பழைய எடைக்கற்களைப் பத்தி எவ்வளவோ எழுதினவன். எல்லாத்தையும் விட்டுட்டுத்தானே இங்கே உட்கார்ந்திருக்கேன்?" மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. "அந்தக் காலத்து மேல எனக்கு மட்டும் ஆசையில்லையா?"

பல்லவன் பதிவை எடுத்துவிட்டார்.

இப்போது சாப்பாட்டு மேஜையில் அண்ணி போனை வைத்துக்கொண்டு விரலால் தள்ளிக்கொண்டே போகிறார். பேரவை முன்னைவிடச் சுறுசுறுப்பாக இருக்கிறது. யாரோ யாரையோ பட்டியலில் இல்லாத ஒரு பறவையின் பெயர் சொல்லித் திட்டியிருக்கிறார்கள். நிறையப் பேர் வந்திருக்கிறார்கள்.

"ஏன் தம்பி, விஷயம் தெரிஞ்சவங்க யாருமே இப்போ அங்கே இல்லையா?"

பல்லவன் யோசித்துப் பார்த்தார். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"இருக்காங்க அண்ணி" என்றார். "எல்லாரும் குழுவுல இருக்கோம்."